முதலாவது, பின்பு

நாசரேத்
22 ஏப்ரல் 2025

அன்புள்ள சம்பந்தி ஞானையா அவர்களுக்கு,

கிருபாகரன் எழுதுவது. ஸ்தோத்திரம். ஃபோனை எடுத்தால் நாம் இரண்டு பேரும் கத்துகிறோம், இனிமேல் எழுதித்தான் பேச வேண்டும் என்று உங்கள் மகளும் என் மகனும் சேர்ந்து தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். தலைமையாசிரியனாக இருந்து காலமெல்லாம் அடுத்தவர் எழுத்தைத் திருத்தியவனுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. உங்களுக்குத்தான் சிரமம். துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்டாக இருப்பவர் சுங்க பில்லைத் தவிர வேறு என்ன எழுதிப் பழகியிருப்பார்?

கல்யாணக் கார்டு வந்து சேர்ந்தது. முன்பக்கம் நன்றாக இருக்கிறது. அபிலாஷ் பெயரும் ஜெபிஷா பெயரும் பிழையில்லாமல் இருக்கின்றன. மே 28, புதன்கிழமை, தூத்துக்குடி ஆலயம், எல்லாம் சரி. பிறகு கார்டைத் திருப்பினேன்.

என்ன சம்பந்தி இது? கல்யாணக் கார்டின் முதுகில் உலக முடிவுக்கு டைம் டேபிள் போட்டிருக்கிறீர்கள்! முதலில் கர்த்தருடைய இரகசிய வருகை, விசுவாசிகள் ஆகாயத்தில் எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மேலே அவர்களுக்கு ஏழு வருடம் கலியாண விருந்து. கீழே மிச்சம் இருப்பவர்களுக்கு அதே ஏழு வருடம் அந்திக்கிறிஸ்துவின் கையில் உபத்திரவம். பிறகு பகிரங்க வருகை, ஆயிர வருட அரசாட்சி, நியாயத்தீர்ப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி, அந்திக்கிறிஸ்து என்கிற மிருகத்துக்குச் சிவப்பு மை. அதற்கு நேர் கீழே, தங்கள் நல்வரவை விரும்பும் கிருபாகரன்!

நிச்சயதார்த்தத்தன்று பிரியாணிக்கு நடுவில் இதே சார்ட்டை ஃபிளெக்ஸில் காட்டினீர்கள். மாப்பிள்ளையூரணியில் உங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து ஆமென் சொல்லலாம். நான் கேள்வி கேட்டேன். அதற்குத்தான் அன்றைக்கு அவ்வளவு சண்டை. கர்த்தர் ஒரே தடவைதான் வருவார், சபை உபத்திரவத்தைக் கடந்துதான் போகும் என்று என் தகப்பனார் காலத்திலிருந்து நம்புகிற குடும்பம் எங்களுடையது. உங்கள் அம்புக்குறியை என் தலையில் கட்ட வேண்டாம். கார்டை மறுபடி அச்சடியுங்கள்.

கிருபாகரன்


தூத்துக்குடி
25 ஏப்ரல் 2025

மதிப்பிற்குரிய கிருபாகரன் சார் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கார்டை மறுபடி அச்சடிக்க முடியாது. எங்கள் பக்கத்தில் பாதிக்கு மேல் கொடுத்தாகிவிட்டது. துறைமுகத்து ஆபீஸில் லிங்கராஜ் என்று ஓர் இந்து சகோதரர். கார்டின் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு மேஜையில் போட்டவர், பின்பக்கத்தைப் பார்த்ததும் மிருகத்தின் மேல் விரலை வைத்து, "அண்ணாச்சி, இவன் எப்ப வாரான்?" என்று கேட்டார். உங்கள் ஊர்ப் பிரசங்கங்கள் இதுவரை யாரையாவது எதையாவது கேட்க வைத்திருக்கின்றனவா?

என் தொழிலைக் கேலி செய்திருக்கிறீர்கள். அந்தத் தொழிலை வைத்தே சொல்லுகிறேன். கப்பல் பெர்த்துக்கு வருவதற்கு முன்னாலேயே சரக்கு யார்டுக்குள் வந்து சீல் வைத்து நிற்க வேண்டும். கப்பல் வந்த பிறகு லாரியைத் தேடுகிறவனுடைய சரக்கு ஏறாது. வேதத்திலும் அதே ஒழுங்குதான். சபை முதலில் ஏறிவிடும், பிறகுதான் புயல். நீங்களோ புயலில் நனைந்து, மிருகத்திடம் நன்றாக அடி வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு ஏறுகிறேன் என்கிறீர்கள். அது உங்கள் ஆசை. என் மகள் நனைய வேண்டாம்.

அதனால் ஒன்றை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். மே 4, 11, 18, மூன்று ஞாயிறும் இரண்டு ஊர் ஆலயங்களிலும் கல்யாண ஓலை வாசிப்பார்கள். இவர்கள் விவாகத்துக்குத் தடை சொல்லுகிறவர் யாராவது உண்டா என்று சபைக் குருவான ஐயர் கேட்பார். எனக்குத் தெரிந்து யாரும் எழுந்து நின்றதில்லை. மூன்றாவது ஓலைக்குள் அபிலாஷ், இரகசிய வருகையை விசுவாசிக்கிறேன் என்று என்னிடம் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெண்ணைப் பெற்ற நானே எழுந்து நின்று தடை சொல்லுவேன். கைவிடப்படப்போகிற வீட்டுக்கு என் பெண்ணை அனுப்பமாட்டேன்.

ஞானையா


நாசரேத்
29 ஏப்ரல் 2025

ஞானையா அவர்களுக்கு,

எழுந்து நிற்பீர்களா? தாராளமாக நில்லுங்கள். அன்றைக்காவது ஆலயத்தில் எல்லாரும் விழித்திருப்பார்கள். உங்கள் நிபந்தனையை அபிலாஷிடம் சொன்னேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெபிஷாவை எங்களுக்குப் பிடித்திருக்கிறது. உங்களைத்தான் பிடிக்கவில்லை.

கப்பல், யார்டு, லாரி! சரக்கு ஏற்றுகிற புத்தியோடு வேதம் வாசித்தால் இப்படித்தான் ஆகும். கடைசி எக்காளம் தொனிக்கும்போது மரித்தோர் எழுந்திருப்பார்கள் என்று பவுல் எழுதுகிறார். உங்கள் சார்ட்டில் அதற்குப் பிறகும் உபத்திரவத்தில் வரிசையாக ஏழு எக்காளம் ஊதுகிறார்கள். கடைசிக்குப் பிறகு ஏழு! ஆறாம் வகுப்புப் பையன் இப்படி எழுதியிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

அதே பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதைத்தானே நீங்கள் எப்போதும் தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள்? ஆகாயத்தில் கர்த்தருக்கு 'எதிர்கொண்டுபோக' என்று அதில் ஒரு சொல் இருக்கிறது. நின்று வாசித்திருக்கிறீர்களா? எங்கள் ஊரில் திடப்படுத்தல் ஆராதனைக்குப் பேராயர் வரும்போது பேண்டு வாத்தியத்தோடு ஊர் எல்லை வரை போய் எதிர்கொள்வோம். எதிர்கொண்டு என்ன செய்வோம்? அவரோடு ஊருக்குள் திரும்பி வருவோம். யாராவது அவர் காரில் தொற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய் ஏழு வருடம் விருந்து சாப்பிட்டார்களா? எதிர்கொள்வது என்றால் போய்க் கூட்டி வருவது. இதில் இரகசியமும் இல்லை, ஏழு வருடமும் இல்லை.

கல்யாணத்தன்று நீங்களே இதைச் செய்யப்போகிறீர்கள். மாப்பிள்ளை வீட்டாரைப் பெண் வீட்டார் ஊர் எல்லையில் எதிர்கொள்வதுதான் வழக்கம். முத்தையாபுரம் உப்பாற்று ஓடைப் பாலத்துக்கு மாலையோடு வருவீர்கள். எங்களைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள் திரும்புவீர்கள். உங்கள் வாய் ஒப்புக்கொள்ளாததை உங்கள் கால் ஒப்புக்கொள்ளும். அதைப் பார்க்கத்தான் காத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம். சாகாமலே மேலே போகப்போகிறவர், கல்லறைத் தோட்டத்துக்கு மட்டும் தவறாமல் ஆலயத்தில் சந்தா கட்டுகிறாராமே. எதற்கு?

கிருபாகரன்


தூத்துக்குடி
5 மே 2025

கிருபாகரன் அவர்களுக்கு,

நேற்று முதல் ஓலை வாசித்தார்கள். நான் உட்கார்ந்துதான் இருந்தேன். இன்னும் இரண்டு இருக்கிறது.

கடைசி எக்காளம் என்று துள்ளியிருக்கிறீர்கள். உங்கள் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் கடைசி மணி அடித்ததே, மறுநாள் காலையில் மணியே அடிக்கவில்லையா? சபைக்கு அது கடைசி. அதற்குப் பிறகு ஊதுவது கீழே நிற்கிறவர்களுக்கு. மணி அடிக்கிற இடத்திலேயே காலம் தள்ளிய உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சந்தா எதற்கு என்று கேட்டீர்கள். என் மனைவி ஞானபாக்கியம் அங்கே இருக்கிறாள். அது உங்களுக்குத் தெரியும். கிட்னி போய் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம், "நீ சாக மாட்ட. அதுக்குள்ள அவரு வந்துருவாரு. ரெண்டு பேரும் சேந்தே போவோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறுதலுக்காகச் சொன்ன பொய் இல்லை. நம்பித்தான் சொன்னேன். அவளும் நம்பினாள். கடைசியில் அவள் மட்டும் போனாள்.

உங்கள் 'எதிர்கொண்டுபோக' இருக்கிற இடத்துக்கு இரண்டு வசனம் மேலே இன்னொரு சொல் இருக்கிறது. தலைமையாசிரியர் அதைத் தாண்டிக் குதித்துவிட்டார். உயிரோடிருக்கும் நாம் நித்திரையடைந்தவர்களுக்கு முந்திக்கொள்வதில்லை. மரித்தவர்கள் முதலாவது, நாம் பின்பு. என் சார்ட்டில் முதல் அம்புக்குறியே அதுதான். அது இன்றைக்கே நடக்கலாம் என்று நம்பித்தான் நான் காலையில் எழுந்திருக்கிறேன். நீங்கள் சுலபமாக அதற்கு முன்னால் உபத்திரவ காலத்தைக் கொண்டுவந்து போடுகிறீர்கள். உங்களுக்கென்ன, உங்கள் மனைவி பக்கத்து அறையில் இருக்கிறார்.

அபிலாஷைத் துறைமுகத்து கேட்டுக்கு வரவழைத்துக் கேட்டேன். "அவரு எப்ப வந்தாலும் எனக்குச் சரிதான் மாமா. ஜெபிஷா எங்கன இருக்காளோ, அங்கன நானும் இருந்தாப் போதும்" என்கிறான். இது ஒரு விசுவாச அறிக்கையா? சினிமா வசனம்! பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கிறீர்கள்.

பாலத்துக்கு நான் வந்தால் உங்கள் உபதேசம் நிரூபணம் ஆகிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வரமாட்டேன்.

ஞானையா


நாசரேத்
12 மே 2025

ஞானையா அவர்களுக்கு,

சந்தா பற்றிய வரியை அடித்துவிடுங்கள். அதை எழுதியது தப்பு. மற்ற வரிகள் அப்படியே இருக்கட்டும், அவற்றில் தப்பில்லை.

நீங்கள் கார்டை மாற்றாததால் நானும் என் மனைவி ஜெபசுதாவும் உட்கார்ந்து எங்கள் பக்கத்துக் கார்டுகளின் முதுகில் வெள்ளைத் தாள் ஒட்டினோம். அதுவே வினையாகப் போயிற்று. கல்யாணக் கார்டில் எதையோ மறைத்திருக்கிறார்கள் என்றால் நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? சாத்தான்குளத்தில் என் மைத்துனன் நேசக்குமார் வீட்டில், மாப்பிள்ளைக்கு இது இரண்டாம் கல்யாணமோ என்று தண்ணீர் தொட்டு உரித்துப் பார்த்திருக்கிறார்கள். மைதாப் பசை சுலபமாக வந்துவிட்டது. அவன் மூலம் எல்லாருக்கும் தெரிந்து, இப்போது எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் உங்கள் மிருகத்துக்கு எத்தனை கொம்பு என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள்.

ஜெபசுதாவுக்கு நம் இருவர் மேலும் கோபம். "அவரு வாரதப் பத்தியே ரெண்டு பேரும் சண்டை போடுதீய. மருமக வாரதப் பத்தி ஒருத்தருக்காவது கவலை இருக்கா?" என்கிறாள். எனக்குக் கவலை இருக்கிறது. இரண்டாவது ஓலையும் வாசித்தாகிவிட்டது. இனிமேல் கல்யாணம் நின்றால் என் மகன் தலை நிமிர மாட்டான். அதற்காக எதிர்கொள்ளாத வீட்டுக்குள் காலெடுத்து வைக்க என்னால் முடியாது. கல்யாணத்தன்று எங்கள் வேன் பாலத்தில் நிற்கும். நீங்கள் வராமல் அது நகராது. எழுந்து நின்று தடை சொல்லப்போகிறவருக்கு நான் உட்கார்ந்தபடியே சொல்லுகிற தடை இது.

கிருபாகரன்


தூத்துக்குடி
19 மே 2025

கிருபாகரன் அவர்களுக்கு,

நேற்று மூன்றாவது ஓலை. அபிலாஷ் வாயைத் திறக்கவே இல்லை. அதனால் சொன்னபடி எழுந்து நின்றேன்.

ஆலயம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஐயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பெண்கள் பக்கத்தில் ஜெபிஷா என்னைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டயாலிசிஸுக்கு ஊசி குத்தும்போது அவள் அம்மா இப்படித்தான் மூடிக்கொள்வாள். "என்ன ஞானையா?" என்று ஐயர் கேட்டார். "ஃபேன் ஓடலை ஐயா" என்றேன். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

இதை உங்கள் ஜெயம் என்று நினைத்து அங்கே யாருக்கும் காபி கொடுக்க வேண்டாம். கல்யாணம் நடக்கும். பாலத்துக்கு வரமாட்டேன். மண்டபத்து வாசலில் மாலையோடு நிற்பேன். இஷ்டம் இருந்தால் வந்து இறங்குங்கள். இல்லாவிட்டால் பாலத்தில் நின்று உப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

உரித்த கார்டு சங்கதியைக் கேட்டு இரண்டு நாள் சிரித்தேன். நான் ஊழியத்துக்குப் போகாத ஊருக்கெல்லாம் உங்கள் மைதா போயிருக்கிறது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஞானையா


நாசரேத்
30 மே 2025

சம்பந்தி ஞானையா அவர்களுக்கு,

இனிமேல் அப்படித்தான் அழைத்தாக வேண்டும். ஜெபிஷா வந்த மறுநாளே என் புத்தக அலமாரியை ஒழுங்குபடுத்திவிட்டாள். உங்கள் மகள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆனால் பாலத்தில் நடந்ததை எழுதாமல் விடமாட்டேன். மே மாத வெயில். இரண்டு பக்கமும் உப்பளம், கண்ணைத் திறக்க முடியவில்லை. பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்து ஓய்ந்து தண்ணீர் கேட்டார்கள். "மச்சான், உங்க சம்பந்தி இரகசிய வருகையில போயிட்டாரோ?" என்று நேசக்குமார் கேட்டான். வேன் முழுக்கச் சிரிப்பு. அபிலாஷ் மட்டும் சிரிக்கவில்லை. "அப்பா, வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்றான். அவன் முகத்தைப் பார்த்தேன். என் வீம்பை விழுங்கிக்கொண்டு டிரைவரைக் கூப்பிட வாயைத் திறந்தபோதுதான் உங்கள் கார் வந்தது.

வரமாட்டேன் என்றவர் வந்தீர்கள், சரி. கையில் ஒரே ஒரு மாலை! அதை மாப்பிள்ளைக்குப் போட்டீர்கள். சம்பந்திக்கு வெறும் கை குலுக்கல், அதுவும் என் சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்க்க. பட்டு வேட்டியில் முழங்கால் பக்கம் மண் வேறு. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவர் வருகிற கோலமா அது?

அதோடு போயிற்றா? ஏற்கனவே நேரமாகிவிட்டது, நேரே ஆலயத்துக்குப் போக வேண்டியதுதானே. மண்டபத்து மாடியில் எங்களை ஏற்றி உட்காரவைத்து டிஃபன் போட்டீர்கள். ஐயர் ஆலயத்திலிருந்து ஆள் மேல் ஆள் அனுப்புகிறார். ஏன் என்று கேட்டால் சிரிக்கிறீர்கள். எனக்குப் பதில் வேண்டும்.

கிருபாகரன்


தூத்துக்குடி
2 ஜூன் 2025

சம்பந்தி அவர்களுக்கு,

மாடி டிஃபனுக்குக் காரணம் இவ்வளவு படித்தவருக்குப் புரியவில்லையா? தாள் ஒட்டாத கார்டு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். உங்களை எதிர்கொண்டேன். மேலே கொண்டுபோனேன். மேலே விருந்து வைத்தேன். அதற்குப் பிறகுதான் எல்லாரும் சேர்ந்து கீழே இறங்கி வந்தோம். என் அம்புக்குறி ஒன்றுகூடத் தப்பவில்லை. எதிர்கொண்டால் நேரே கூட்டி வர வேண்டும் என்று எழுதினீர்கள். நேரேயா வந்தீர்கள்? உங்கள் காலாலேயே படியேறி வந்து, இன்னொரு வடை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள்.

இனி மாலை. உங்களுக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று என்று வாங்கிக் காரில் வைத்திருந்தேன். மண்டபத்து வாசலில் போடுவதாக இருந்தேன். காலையில் ஜெபிஷா சேலை கட்டி வந்து முன்னால் நின்றாள். "அப்பா, அம்மாட்ட சொல்லிட்டு வந்துட்டியளா?" என்று கேட்டாள். கல்யாண வேலையில் எனக்கு அது தோன்றவே இல்லை.

கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அங்கே போய் வெறுங்கையோடு எப்படி நிற்பது? காரில் இருந்த உங்கள் மாலையை எடுத்து வந்து அவளுக்குப் போட்டேன். முழங்காலில் நின்றேன், அந்த மண்தான் நீங்கள் பார்த்தது. அழுதேன். சார்ட் போடுகிறவனுக்கு அழுகை வராது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

வெளியே வந்து காரில் ஏறியதும், மண்டபத்துக்குப் போகாமல் பாலத்துப் பக்கம் திருப்பினேன். அவளைப் பார்த்துவிட்டு வந்த பிறகு யாரையும் வெயிலில் நிற்க வைக்க மனம் வரவில்லை. அதில் உபதேசம் ஒன்றும் இல்லை. மரித்தவர்கள் முதலாவது, மாப்பிள்ளை வீட்டார் பின்பு. இந்த வரிசையில் பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்புங்கள்.

ஞானையா


நாசரேத்
5 ஜூன் 2025

அன்புள்ள சம்பந்தி,

வடையைக் காட்டி என்னை ஆகாயத்துக்கு ஏற்றிய தந்திரம் மட்டமானது. கர்த்தர் ஒரே தடவைதான் வருவார். நூறு மாடியில் பந்தி வைத்தாலும் அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

மற்றதை இரண்டு தடவை வாசித்தேன். சிவப்பு மைப் பேனாவையும் எடுத்தேன். திருத்த ஒன்றும் இல்லை. வரிசை சரி.

கடிதத்தை ஜெபசுதாவிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, பவுல் அந்தப் பகுதியை எப்படி முடிக்கிறார் என்று கேட்டாள். இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்று முடிக்கிறார். இத்தனை கடிதத்தில் நாம் இரண்டு பேரும் அந்த வசனத்துக்கு வந்து சேரவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிள்ளைகளோடு அங்கே வருகிறோம். எங்களை எதிர்கொள்ளப் பாலத்துக்கு வர வேண்டாம். கல்லறைத் தோட்டத்து வாசலில் நில்லுங்கள். மாலை நான் வாங்கி வருகிறேன். சம்பந்தியம்மாவிடம் நீங்கள் முதலாவது போங்கள். நான் பின்னால் வருகிறேன், முந்திக்கொள்ள மாட்டேன்.

கிருபாகரன்